அகத்தியருக்கு சிக்னல் கிடைக்குமா?

இந்த வாரத் தபாலில் பெரும்பங்கு அகத்திய மலையின் ஒரே சரிவிலிருந்து. விதுராவில் தொடங்கி போனக்காடு வரை ஏறியிருக்கிறது. மிச்சத்தில் பலவும், திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து சொந்த ஊருக்கு லீவில் போகப் பயப்படுகிற பல்கலைக்கழக ஊழியர்களிடமிருந்து. எல்லாருக்கும் ஒரே பசி: நெட். மேலதிகாரி படிப்பார் என்ற பயத்தில் பலர் பெயர் வேண்டாம் என்றதால், நியாயம் கருதி அனைவர் பெயரையும் விட்டுவிட்டேன்.

ஆய்வக ஊழியர், போனக்காடு: கீழே விதுரா மருதமலையில் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே நெட் பறக்கிறது. வேலை முடிந்து மேலே வீட்டுக்கு வந்தால் ஒரு போட்டோ அனுப்ப வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். ஒரே மலைக்கு இரண்டு நியாயமா?

மலைக்கு ஒரு நியாயம்தான், கம்பிக்குத்தான் இரண்டு. நீங்கள் சொல்கிற ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) 2008-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அப்படிப்பட்ட ஆராய்ச்சிக் கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒன்றோடொன்று கட்டிப்போட 2010-இல் வந்தது தேசிய அறிவு வலையமைப்பு. அந்தக் கம்பியை இழுத்தபோது ‘இந்த ஊரில் ரீசார்ஜ் செய்ய எத்தனை பேர்?’ என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய மொபைல் சிக்னலிடம் முதலில் கேட்கப்படுவதே அந்தக் கேள்விதான். டவர் நட்டால் மட்டும் போதாது. அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் போனால் டீசல் வேண்டும். டவருக்கே நெட் வந்து சேர ஃபைபர் வேண்டும். இல்லையென்றால் அடுத்த டவரை நேருக்கு நேர் பார்க்கும் மைக்ரோவேவ் தட்டு வேண்டும். போனக்காட்டைச் சுற்றி முகடுகள். எது எதை நேருக்கு நேர் பார்ப்பது? பக்கத்திலேயே 1983 முதல் பேப்பாறை வனவிலங்கு சரணாலயம். காட்டு நிலம் என்றால் குழி தோண்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். யானை அனுமதி கேட்காமல் கம்பத்தைச் சாய்க்கும், அது வேறு.

இவ்வளவும் தீர்ந்தாலும் கம்பெனி கணக்கர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம் நொடித்து, கூலி பாக்கி நின்று, லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மிஞ்சியிருக்கும் குடும்பங்களிடம் மாதாமாதம் எவ்வளவு வசூலாகும் என்பது அவர் கவலை. லாபம் வராத இடத்துக்கு அரசுப் பணம்தான் ஏறவேண்டும். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோகும் வேலையை பிஎஸ்என்எல்லிடம் கொடுத்தது அந்த நினைப்பில்தான். சொந்த நாட்டுத் தொழில்நுட்பத்தில் எழுந்த பிஎஸ்என்எல் 4ஜி டவர்களை 2025 செப்டம்பர் 27-இல் பிரதமர் தொடங்கி வைத்தார். மலையூர்க்காரர்கள் இன்றைக்கு நம்ப வேண்டிய பெயர் அதுதான். வேறு வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழாசிரியர், நெடுமங்காடு: அகத்தியர் இன்று இருந்தால்?

தமிழுக்கு இலக்கணம் எழுதி முடித்திருப்பார். அப்லோடுதான் ஆகியிருக்காது.

ஆய்வு மாணவி, காரியவட்டம்: கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் இந்த மலையில் உட்கார்ந்து யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? என் கைடு ‘சிக்னல் இல்லை’ என்பதைக் காரணமாக ஏற்க மாட்டேன் என்கிறார்.

உங்கள் கைடுக்குச் சாதகமான பதில்தான் வருகிறது, மன்னிக்கவும். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய வானாய்வுக் கூடம் இருக்கிறதே, இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது, அதற்கு 1850-களில் இயக்குநராக இருந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப்புலம் சமவெளியிலும் உயரத்திலும் ஒரே நேரத்தில் எப்படி மாறுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக அகத்தியர்கூடம் என்கிற அகத்திய மலையின் உச்சியில் இன்னொரு ஆய்வுக்கூடத்தையே கட்டிவிட்டார். ஆறாயிரம் அடிக்கு மேல். காட்டுப் பாதையில் கருவிகளை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு.

மேலே ஒருவர் காந்த முள்ளைப் பார்த்து எழுதுவார், கீழே நகரத்தில் இன்னொருவர் அதே நேரம் பார்த்து எழுதுவார். இரண்டையும் பிற்பாடு ஒப்பிட வேண்டும். இடையில் இருந்த ஒரே இணைப்பு ஏறி இறங்கிய மனிதர்களின் கால். திருவனந்தபுரத்து அளவீடுகள் புத்தகமாக வந்தது 1874-இல். ஆகவே ‘டேட்டா அனுப்பத் தாமதமாகிறது’ என்ற வாக்கியத்துக்கு இந்த மலையில் முன்னுதாரணம் உண்டு என்று உங்கள் கைடிடம் சொல்லிப் பாருங்கள். பிரௌனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையை போர்ட்டலில் ஏற்றும் கட்டாயம் இல்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

உதவிப் பேராசிரியர், ஆரியநாடு: வீட்டுக்கு ஃபைபர் போடலாம் என்று இருக்கிறேன். கேஃபோனா, கேபிள்காரரா, பிஎஸ்என்எல்லா?

உங்கள் தெருக் கம்பத்தில் ஏற்கனவே யார் கம்பி தொங்குகிறதோ அவர். இது சோம்பேறித்தனமான பதில் இல்லை. விளம்பரத்தில் எல்லாரும் ஒரே வேகம். கம்பி அறுந்த அன்று ஏணியோடு யார் வருகிறார் என்பதில்தான் வித்தியாசம். கேரளத்தில் சின்னச் சின்ன கேபிள் டிவிக்காரர்கள் சேர்ந்து கேரளா விஷன் என்று நடத்துகிற சேவை, நாட்டின் பெரிய வயர் இணைப்புக் கம்பெனிகள் வரிசையில் இடம் பிடித்ததற்குக் காரணம் அந்த ஏணிதான் என்பது என் கணிப்பு. கேபிள்காரர் உங்கள் ஊரிலேயே இருப்பவர், கல்யாணத்தில் எதிரே வந்து உட்காருவார், பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மாநில அரசின் ஃபைபர் வலையமைப்பான கேஃபோன் 2023 ஜூன் 5-இல் தொடங்கியது. மாநில மின்வாரியமும் மாநில ஐடி உள்கட்டமைப்பு நிறுவனமும் சேர்ந்து போட்டது. கம்பி மின்கம்பங்கள் வழியே போவதால், மின்கம்பி எட்டிய இடத்துக்கெல்லாம் நெட்டும் எட்டலாம் என்பது அதன் பலம். தொடக்கத்தில் அறிவித்த அடிப்படைத் திட்டம் 20 எம்பிபிஎஸ், மாதம் 299 ரூபாய், வரி தனி. வகுப்பு எடுக்க, மீட்டிங்கில் தலையாட்ட அது போதும். பிள்ளைகள் ஒரு பக்கம் கேம், இன்னொரு பக்கம் சீரியல் என்றால் மேலே போங்கள்.

வார்டன், விதுரா: எங்கள் பக்கம் இடி மின்னல் அதிகம். ஃபைபர் கண்ணாடி இழைதானே, மின்னல் தாக்காது என்கிறார்கள். உண்மையா?

இழையைத் தாக்காது. இழை முடிகிற இடத்தில் சுவரில் ஒரு பெட்டி சிமிட்டிக்கொண்டு இருக்கிறதே, அது கரண்டில்தான் ஓடுகிறது. மின்னல் அந்த பிளக் வழியாக வரும். சித்திரை மாத மழையிலும் ஐப்பசி மழையிலும் சாயங்காலம் வானம் கறுத்தால் மோடம், ரவுட்டர் இரண்டையும் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது மனத்திருப்திக்கு. கரண்ட் போன நேரத்துக்கு ரவுட்டருக்கென்றே கையகல யுபிஎஸ் விற்கிறார்கள், 12 வோல்ட். வீட்டு இன்வெர்ட்டரை விட மலிவு, சில மணி நேரம் தாங்கும். மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு வேகமான பிளானை விட இது உபயோகம்.

கணக்குப் பிரிவு ஊழியர், பாளையம்: லீவில் போனக்காட்டில் அம்மா வீட்டில் இருக்கும்போது ஆபீஸ் மெயிலைத் திறந்தால் ஓடிபி கேட்கிறது. நான் மேட்டில் ஏறி ஓடிபி வாங்கிக்கொண்டு இறங்குவதற்குள் அது காலாவதி. என்ன செய்ய?

மேட்டிலேயே ஒரு மேசை போடச் சொல்லலாம். அதை விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. போனில் ஆதன்டிகேட்டர் ஆப் போட்டு, நகரத்தில் இருக்கும்போதே உங்கள் கணக்கோடு இணைத்துவிடுங்கள். முப்பது விநாடிக்கு ஒரு எண்ணை அது தானே தயாரிக்கும், சிக்னலே வேண்டாம். அந்த எண்ணை யாரும் அனுப்புவதில்லை. உங்கள் போனும் ஆபீஸ் சர்வரும் ஒரே ரகசியத்தையும் ஒரே கடிகாரத்தையும் வைத்துத் தனித்தனியே போடுகிற கணக்கு அது. போன் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே அவசரத்துக்கு பேக்கப் எண்கள் என்று சில தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள்.

அம்மா வீட்டில் ஃபைபர் வந்துவிட்டது, மொபைல் சிக்னல்தான் இல்லை என்ற நிலை என்றாவது வந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங் என்பதை ஆன் செய்யுங்கள். 2019 கடைசியிலிருந்து நம் கம்பெனிகள் கொடுத்து வருகின்றன. டவர் இல்லாமலே சாதாரண போன் கால் வரும், தனிக் கட்டணம் இல்லை. அது இருப்பதே தெரியாமல் ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிடுகிற வீடுகள் நிறைய.

நூலகர், திருவனந்தபுரம்: வீட்டிலிருந்து ஜர்னல் திறந்தால் ‘40 டாலர் கட்டு’ என்கிறது. அதே ஜர்னல் ஆபீஸில் இலவசம். ஆசிரியர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

நீங்களே நூலகர், நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்! பரவாயில்லை, திட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பதிப்பகம் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, எந்த வலையிலிருந்து வருகிறீர்கள் என்ற ஐபி எண்ணைப் பார்க்கிறது. வீட்டு எண்ணுக்கு அங்கே மரியாதை கிடையாது. மரியாதை கிடைக்க இரண்டு வழி. ஒன்று, பல்கலைக்கழகமே விபிஎன் கொடுத்து உங்களை வீட்டிலிருந்தே தன் வலைக்குள் இழுத்துக்கொள்வது. இன்னொன்று, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட்: பதிப்பகத்தின் பக்கத்தில் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்து, நிறுவனத்தின் பெயர்–பாஸ்வேர்டைப் போட்டால் கதவு திறக்கும்.

இதை இப்போது அதிகம் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 25-இல் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஊர்ப்பணம் இவ்வளவு கொட்டி வாங்கிய சந்தாவை ஆசிரியர் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, அதுவும் கேம்பஸ் மதிலுக்குள் மட்டும்தான் படிக்கலாம் என்று வைத்திருந்தால், அந்த நூலகத்தைத் திட்டலாம். உங்கள் நூலகத்தில் இன்ஃபெட் கணக்கு தருகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லையே?

முதுநிலை விரிவுரையாளர், கிளிமானூர்: அதே காரியத்துக்கு மாதம் நூறு ரூபாய்க்கு விபிஎன் ஆப் விற்கிறார்களே, அதை வாங்கினால் போதாதா?

அது உங்களை அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டும். உங்களுக்கு வேண்டியது கல்லூரியில் இருப்பதாகக் காட்ட. இரண்டும் விபிஎன்தான், வேலை வேறு. சட்டமும் வேறு: 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, கடை விபிஎன்காரர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. நோர்டு, எக்ஸ்பிரஸ் போன்ற கம்பெனிகள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. ஊழியருக்காக ஒரு நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. இலவச விபிஎன் ஆப் பக்கம் தயவுசெய்து போகவே வேண்டாம். உங்கள் மெயில் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு முற்றம் வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

இணைப் பேராசிரியை, திருவனந்தபுரம்: அடுத்த மாதம் கண்டி, அங்கிருந்து ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்கு. ரோமிங் பேக் விலையைப் பார்த்தால் பேப்பரையே வாபஸ் வாங்கலாம் போலிருக்கிறது.

வாபஸ் வாங்காதீர்கள், எடுரோம் இருக்கிறதா என்று உங்கள் கணினி மையத்தைக் கேளுங்கள். பல்கலைக்கழக ஊழியராக இருப்பதில் சம்பளத்துக்கு அடுத்தபடி உள்ள சுகம் இதுதான், நம்மில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. 2002 வாக்கில் நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பில் கிளாஸ் வியரங்கா என்பவர் முன்வைத்த யோசனை. இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கிறது.

வேலை செய்யும் விதம் அழகானது. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நுழைகிறீர்கள். எடுரோம் என்ற பெயரில் வைஃபை தெரிகிறது. உங்கள் போன் உங்கள் சொந்த நிறுவனத்தின் முகவரியைச் சொல்கிறது. அந்த ஊர் சர்வருக்கு உங்களைத் தெரியாது. அது ஒரு நாட்டு மையம், இன்னொரு நாட்டு மையம் என்று கேட்டுக்கொண்டே போய் உங்கள் ஊர் சர்வரை அடைகிறது. ‘ஆமாம், எங்கள் ஆள்தான்’ என்று இங்கிருந்து பதில் போனதும் அங்கே கதவு திறக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த சம்பந்தியை விசாரிக்கிற அதே முறை. வித்தியாசம் என்னவென்றால் இது ஓரிரு விநாடியில் முடிகிறது. பாஸ்வேர்டு பூட்டிய நிலையிலேயே உங்கள் நிறுவனத்துக்குப் போகிறது. விருந்து கொடுக்கிறவர் அதைப் பார்க்க முடியாது. போன் உங்கள் நிறுவனத்தின் சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இந்தியாவில் இதை நடத்துவது எர்நெட். 1986-இல் ஐஐடிகளையும் பெங்களூர் அறிவியல் கழகத்தையும் இணைக்கத் தொடங்கிய அதே எர்நெட். பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் நெட் கொடுத்த 1995 ஆகஸ்ட் 15-க்கு ஒன்பது ஆண்டு மூத்தது. இலங்கையில் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு நடத்துகிறது. ஆகவே கண்டியில் பேராதனை வளாகத்திலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். ஒன்று முக்கியம்: செட்டிங்கைக் கிளம்புவதற்கு முன் இங்கேயே போட்டு, இங்கேயே ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே போய்ப் போட நெட் வேண்டும். நெட் வாங்கத்தானே அதைப் போடுகிறீர்கள்.

உங்கள் பல்கலைக்கழகம் எர்நெட்டிடம் பதிவு செய்யவில்லை என்றால், துறைத் தலைவர் மூலம் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு சர்வரும், அதைக் கவனிக்க ஒரு மனிதரும் வேண்டும். சர்வர் கிடைத்துவிடும்.

ஓய்வுபெறப் போகும் பேராசிரியர், புனலூர்: ரயிலில்?

ஸ்டேஷனில் வைஃபை உண்டு. 2016-இல் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்வேயின் ரெயில்டெல்லும் சேர்ந்து தொடங்கின. 2020-இல் கூகுள் கழன்றுகொண்டது, ரெயில்டெல் 6,000-க்கு மேற்பட்ட நிலையங்களில் தொடர்கிறது. நாளுக்கு முதல் அரைமணி இலவசம். ஓடும் வண்டியில் உங்கள் சிம்தான் கதி. நீங்கள் புனலூர்க்காரர், செங்கோட்டைக் கணவாய்க்குள் வண்டி நுழைந்தால் என்னாகும் என்று என்னிடம் கேட்கவேண்டாம். வண்டி ஏறுமுன் படிக்கவேண்டியதை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், மெயிலை ஆஃப்லைனில் எழுதிவையுங்கள், குகையை வேடிக்கை பாருங்கள்.

பறவை ஆர்வலர், பேரூர்க்கடை: அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆபீஸில் தொடர்பு எல்லைக்குள் இருக்கச் சொல்கிறார்கள். சேட்டிலைட் போன் வாங்கிப் போகலாமா?

முதலில் வாழ்த்து. நெட் இல்லாத மலைக்குப் போக வனத்துறையின் ஆன்லைன் பதிவில் பல்லாயிரம் பேரோடு முண்டியடித்து ஜெயித்திருக்கிறீர்கள். அதற்கே நல்ல நெட் இருந்திருக்க வேண்டும். சேட்டிலைட் போன் ஆசையை விடுங்கள். துராயா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விவரம் தெரியாமல் கையகல சேட்டிலைட் கருவியோடு விமான நிலையத்தில் மாட்டிய வெளிநாட்டு மலையேறிகள் உண்டு. போனக்காட்டில் வனத்துறையின் பிக்கெட் ஸ்டேஷனைத் தாண்டினால் உங்கள் போன் வெறும் கேமரா. ஈபேர்ட் ஆப் சிக்னல் இல்லாமலே பட்டியல் எடுத்துக்கொள்ளும், இறங்கியபின் அனுப்பலாம். ஆபீஸுக்கு லீவு லெட்டரில் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு வேடிக்கை. 2018 விதிகளின்படி நம் வான்வெளியில் 3,000 மீட்டருக்கு மேலே போனதும் விமானத்தில் நெட் கொடுக்கலாம். நீங்கள் நிற்கப்போகும் உச்சி 1,868 மீட்டர். இன்னும் 1,132 மீட்டர் ஏறினால் வாட்ஸப் வந்துவிடும்.

யூடியூப் ரசிகர், நெய்யாற்றின்கரை: போனக்காட்டு பங்களாவில் பேய் இருப்பது உண்மையா?

பேய் தெரியாது. அதைத் தேடி கேமராவோடு வருகிறவர்கள் சிக்னல் கிடைத்ததும்தான் அலறுகிறார்கள் என்று தெரியும்.

தற்காலிக விரிவுரையாளர், பெயரும் ஊரும் வேண்டாம்: ஆன்லைன் வகுப்பு, ஆன்லைன் வருகைப்பதிவு, ஆன்லைன் மதிப்பெண், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப் சுற்றறிக்கை. நெட் பில் மட்டும் என் சொந்தக் காசு. கேட்டால் ‘நெட் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே’ என்கிறார்கள். கேட்பது தப்பா?

கேட்காததுதான் தப்பு. சுண்ணாம்புக் கட்டியை எந்த ஆசிரியரும் வீட்டிலிருந்து வாங்கிவந்ததில்லை. வேலைக்குக் கருவி வேண்டும் என்றால் வேலை கொடுப்பவர் வாங்கித்தர வேண்டும்; நெட் இன்று அந்தக் கருவி. மேலே உள்ள பதவிகளுக்கு டெலிபோன், பிராட்பேண்ட் செலவைத் திருப்பித்தரும் உத்தரவுகள் அரசாங்கத்தில் எப்போதோ வந்துவிட்டன. பத்தாயிரம் ரூபாய் அதிகம் வாங்குகிறவருக்குக் கிடைப்பது, மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் நடத்துகிறவருக்குக் கிடைப்பதில்லை. மலையில் இருப்பவருக்கு இது இரட்டைச் செலவு: இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொண்டு, எது இன்று எடுக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 2020-இல் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகங்களை மூடியபோது இலங்கையில் லேர்னும் மொபைல் கம்பெனிகளும் பேசி, பல்கலைக்கழகப் பாடத்தளங்களுக்கும் ஆன்லைன் வகுப்புகளுக்கும் டேட்டா கட்டணம் இல்லாமல் செய்தார்கள். அவர்களிடம் நம்மை விடப் பணம் அதிகமாக இருந்ததால் இல்லை. கேட்கிற இடத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்டார். நம் பக்கம் அதே காலத்தில் மூணாறுத் தோட்டத்துப் பிள்ளைகள் சாலையோரம் சிக்னல் கிடைக்கிற வளைவைத் தேடிப்போய் உட்கார்ந்து படித்தார்கள். நாம் அதைப் படம் எடுத்துப் போட்டு ‘என்ன ஆர்வம்!’ என்று வியந்தோம்.

உங்கள் சங்கம் அடுத்த கோரிக்கைப் பட்டியல் போடும்போது இதை மூன்றாவது இடத்துக்காவது கொண்டுவாருங்கள். பத்து மணி வாட்ஸப் சுற்றறிக்கையை நிறுத்தச் சொல்லி நான்காவது.

சட்ட மாணவர், பட்டம்: நெட் உரிமை என்று கேரளம் அறிவித்துவிட்டதே, பிறகு ஏன் புலம்பல்?

அறிவித்தது 2017 பட்ஜெட்டில். 2019 செப்டம்பரில் உயர்நீதிமன்றமும் ஃபஹீமா ஷிரின் வழக்கில் இணையம் எட்டுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் சேர்ந்தது என்றது. சாயங்காலம் விடுதியில் போனைப் பிடுங்கி வைத்ததை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி போட்ட வழக்கு. போனைப் பிடுங்குகிறவரிடமிருந்து நீதிமன்றம் உங்களைக் காப்பாற்றும். பிடுங்கக் கை இல்லாமல் மலையே குறுக்கே நின்றால் தீர்ப்பு நகலைக் காட்டிப் பயனில்லை, கம்பிதான் வேண்டும். கேஃபோன் இலவச இணைப்பு 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு என்றார்கள். முதல் கட்டம் 14,000. அதாவது தொகுதிக்கு நூறு வீடு. அருவிக்கரை தொகுதியின் நூறில் போனக்காட்டு லயம் எத்தனை என்று விதுரா பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சட்டம் படிக்கிறீர்கள், தகவல் உரிமை மனு எழுதிப் பழகினமாதிரியும் இருக்கும்.

ஆய்வக உதவியாளர், விதுரா: என் வீட்டு வைஃபையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குக் கேட்கிறாள். ஆபீஸ் பாஸ்வேர்டையும் ஜர்னலுக்காக அண்ணன் மகன் கேட்கிறான்.

பிள்ளைக்குக் கொடுங்கள். ரவுட்டரில் கெஸ்ட் என்று தனி வைஃபை இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் தனியாக இருக்கும். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் அதில் நடப்பதற்குக் கேள்வி உங்களிடம்தான் வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அண்ணன் மகனுக்கு ஆபீஸ் பாஸ்வேர்டு கிடையாது. ஒருவர் கணக்கில் ராத்திரி முழுக்க ஆயிரம் கட்டுரை இறங்கினால் பதிப்பகம் பல்கலைக்கழகத்துக்கே கதவைச் சாத்திவிடும். அவனுக்கு வேண்டிய கட்டுரையை எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றே வந்துவிடும். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் பேராசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

அறை எண் சொல்லாத விருந்தினர், தம்பானூர்: லாட்ஜ் வைஃபையில் பேங்க் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். சொந்த சிம்மின் ஹாட்ஸ்பாட் போதும்.

தத்துவத்துறை, கேரளப் பல்கலைக்கழகம்: போனக்காட்டையாவது நெட் இல்லாமல் விட்டுவையுங்களேன். மனிதனுக்கு ஓரிடமாவது நிம்மதி வேண்டாமா?

சனி ஞாயிறு வந்து போகிறவருக்கு வேண்டும். ரேஷன் கடை கைரேகை இயந்திரம் சிக்னலுக்காகச் சுற்றும்போது வரிசையில் நிற்பவருக்கும், ராத்திரி நெஞ்சுவலி வந்தால் ஜீப்புக்குப் போன் போடவேண்டியவருக்கும் உங்கள் நிம்மதியை விற்காதீர்கள். போனை அணைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொத்தான் வலது பக்கம்.

ஆய்வக ஊழியர், போனக்காடு (மீண்டும்): எல்லாம் சரி, இன்றைக்கு நான் என்ன செய்யட்டும்?

மூன்று காரியம், ஒன்றும் செலவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் போட்ட விதிப்படி, எந்த இடத்தில் சிக்னல் உண்டு என்ற வரைபடத்தை ஒவ்வொரு மொபைல் கம்பெனியும் தன் இணையதளத்தில் போடவேண்டும். கீழே வேலைக்கு வரும்போது அதைத் திறந்து போனக்காட்டில் விரலை வையுங்கள். வீட்டில் இல்லாத சிக்னல் வரைபடத்தில் வண்ணமாக இருந்தால் படம் பிடித்து வையுங்கள். பிறகு டிராயின் மைஸ்பீடு ஆப்பை இறக்கி, வீட்டு வாசலிலும் பஸ் நிற்கும் இடத்திலும் சோதித்து முடிவை அனுப்புங்கள். அங்கே அனுப்ப முடியாவிட்டால், அனுப்ப முடியவில்லை என்பதையே தேதி போட்டு எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து கம்பெனிக்குப் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் போடுங்கள். லயத்தில் இருப்பவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள், தனியாளாகப் போட வேண்டாம். புகார் எண் கிடைத்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அஞ்சலட்டை போதும்.